பத்துக் கெஜச் சங்கிலி

அமெரிக்கக் கால்பந்து என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு எழும் முதல் ஐயம், 'அதென்ன தனியாக அமெரிக்கக் கால்பந்து?' என்பதுதான். நியாயமான ஐயமே. அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது எப்போதோ ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தூக்கி எறிவதும், எதிர்ப்பட்டவனை மோதிச் சாய்ப்பதும்தான். பந்தும் உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பியிருக்கும். ஆடுகிறவர்கள் தலையில் ஹெல்மெட்டும், முகத்துக்கு முன்னே கம்பித் தடுப்பும், தோள்களின்மேல் பருத்த கவசமும் பூண்டு, கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகர்களைப் போலத் தோள் விரித்து நிற்பார்கள்.

அமெரிக்கர் இதை ஆடுவதில் வியப்பில்லை. கிரிக்கெட்டும் ரக்பியும் பிறந்த பிரிட்டனில், சம்பளம் இல்லாமல், தம் கைப்பணத்தையும் செலவிட்டு இதை ஆடும் குழுக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன என்பதுதான் வியப்பு. நம் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றபின், 2009-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஓர் ஊருக்குச் சென்றேன். அங்கே அத்தகைய குழு ஒன்றோடு ஒரு பருவம் முழுதும் பழகும் வாய்ப்புக் கிட்டியது. நான் ஆடவில்லை. என் உடல்வாகைக் கண்ட எவரும் என்னை ஆடச் சொல்லவும் மாட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று சங்கிலி பிடித்தேன்.

அந்தச் சங்கிலியின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ரக்பி ஆட்டம் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வட அமெரிக்காவுக்குப் போயிற்று. 1874-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களும் ஆடிய ஆட்டங்களால் ரக்பி விதிகளுக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் செல்வாக்குப் பிறந்தது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப் என்பவர் அந்த விதிகளைத் திருத்தத் தலைப்பட்டார். இரு பக்கத்தாரும் கூடி முட்டிக்கொண்டு பந்துக்காகத் திணறுவதை விடுத்து, ஒரு பக்கத்தாரிடமே பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை 1880-ல் வந்தது. வந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. பந்து கைக்கு வந்தவர்கள் அதை விடாமல் அடைகாக்கத் தொடங்கினார்கள். 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது முதற்பாதி முழுதும் ஒரு குழுவும், மறுபாதி முழுதும் மறு குழுவும் பந்தை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கின. பார்க்க வந்தவர்களின் எரிச்சலை எண்ணிப் பாருங்கள்!

அதற்கு மருந்தாகத்தான் 1882-ல் புது விதி எழுதினார்கள். மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேறு. முடியாவிட்டால் பந்தைக் கொடு. முன்னேற்றத்தை அளக்க வேண்டுமல்லவா? மைதானத்தின் குறுக்கே ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடுகளால் மைதானம் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டைப் போலத் தெரிந்ததால் 'கிரிடயர்ன்' என்ற பெயரும் இந்த ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. 1906-ல் பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி கிடைத்தது. ஐந்து கெஜம் பத்தாயிற்று. 1912-ல் மூன்று முயற்சி நான்காயிற்று. நான்கு முயற்சி, பத்துக் கெஜம் என்ற கணக்கில்தான் இன்றும் ஆட்டம் நடக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர்.

இரண்டு கழிகள், அவற்றை இணைக்கும் பத்துக் கெஜச் சங்கிலி, எத்தனையாவது டவுன் என்று காட்டும் எண்பலகை ஏந்திய மூன்றாவது கழி. இவற்றைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். ஆட்களைக் கொடுப்பது சொந்த மைதானத்துக் குழுவின் பொறுப்பு. ஆடுகிறவர்களுக்கே பஞ்சமாக இருக்கும் குழு, ஆடாதவர்களுக்கு எங்கே போகும்? அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதான ஓரமாய் நடந்துபோன என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பந்து மைதானத்தின் நடுவில் கிடக்கும். சங்கிலியோ ஓரத்தில் நிற்கும். பத்துக் கெஜம் ஆயிற்றா இல்லையா என்று ஐயம் வந்தால் சங்கிலியை நடுவே தூக்கிச் சென்று அளக்க வேண்டும். தூக்கும்போது நழுவினால் கணக்கே போயிற்று. ஆகையால் ஏதாவதொரு ஐந்து கெஜக் கோட்டின்மேல் சங்கிலி கடக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு கவ்வியைப் பூட்டிவிடுவார்கள். நடுவே கொண்டுபோய் அந்தக் கவ்வியை அதே கோட்டில் வைத்து இழுத்தால் இம்மியும் பிசகாது. நூறு கெஜ ஆடுகளமும், அந்த முரட்டு மோதல்களும், கடைசியில் ஒரு சிறு கவ்வியை நம்பி நிற்கின்றன! அந்தக் கவ்வி பெரும்பாலும் என் கையில் இருந்தது என்பதைச் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

நிற்க. அமெரிக்கா சென்று உருமாறிய ஆட்டம் பிரிட்டனுக்குத் திரும்பி வந்த கதைக்கு வருவோம். முதலில் கொண்டுவந்தவர்கள் கடற்படையினரும் போர்வீரர்களுமே. 1910-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மைதானத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மாலுமிகள் ஆடிக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 நவம்பரில், பெல்ஃபாஸ்ட் நகரின் ரேவன்ஹில் ரக்பி மைதானத்தில் அமெரிக்க வீரர்கள் இரு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். ஹார்வர்டு, யேல் என்னும் பெயர்களின் முதலெழுத்தை மாற்றிப்போட்டு 'யார்வர்டு', 'ஹேல்' என்று அணிகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்களாம். போர்க்காலத்திலும் குறும்பு குறையவில்லை. 1944-ல் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் கனடா ராணுவ வீரர்களும் அமெரிக்க ராணுவ வீரர்களும் மோதினார்கள், கனடா வென்றது. அந்த ஆட்டத்துக்குத் 'தேநீர்க் கோப்பை' என்ற பொருளில் 'டீ பவுல்' என்று பெயர். போர் முடிந்தபின்னும் பிரிட்டனில் தங்கிய அமெரிக்க விமானப்படைத் தளங்களில் ஆட்டம் நடந்துவந்தது. ஆனால் அது வேலிக்கு உள்ளே நடந்த ஆட்டம். ஊராருக்கும் அதற்கும் உறவில்லை.

வேலியைத் தாண்டி வீட்டுக்குள் கொண்டுவந்தது தொலைக்காட்சி. 1982 நவம்பரில் பிரிட்டனில் 'சேனல் ஃபோர்' என்னும் புதிய அலைவரிசை தொடங்கிற்று. பழைய நிலையங்கள் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் கைக்குள் வைத்திருந்த காலம். புதியவர்களுக்குப் புதிய சரக்கு வேண்டியிருந்தது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஆட்டங்களைச் சுருக்கி ஞாயிறு மாலைகளில் ஒளிபரப்பினார்கள். 1983 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை நேரடியாகவே காட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 6 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் குழுவும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவும் வெம்பிளி மைதானத்தில் நேரிலேயே வந்து ஆடின. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்களா? அங்கேதான் கதை சுவையாகிறது. லண்டனில் சில இளைஞர்கள் 'லண்டன் ரேவன்ஸ்' என்ற பெயரில் ஒரு குழுவைக் கட்டினார்கள். ரேவன் என்றால் அண்டங்காக்கை. வடமேற்கே நார்த்விச் என்னும் உப்புத் தொழில் நகரத்தில் 'ஸ்பார்ட்டன்ஸ்' என்றொரு குழு எழுந்தது. பர்மிங்காமில் 'புல்ஸ்', லண்டனின் ஸ்ட்ரெட்டம் பகுதியில் 'ஒலிம்பியன்ஸ்', கிளாஸ்கோவில் 'டயமண்ட்ஸ்' என்று ஊருக்கு ஊர் முளைத்தன. 1983-ல் ரேவன்ஸ் குழுவும் ஸ்பார்ட்டன்ஸ் குழுவும் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் சந்தித்தன. இரு பிரிட்டிஷ் குழுக்கள் தமக்குள் மோதிய முதல் ஆட்டம் என்று அதைச் சொல்வார்கள். லண்டன் காக்கைகள் பிறகு யாருக்கும் அடங்கவில்லை. 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் வென்றவர்கள் அவர்களே.

1986 ஆகஸ்டில் சிகாகோ பேர்ஸ் குழுவும் டல்லஸ் கௌபாய்ஸ் குழுவும் வெம்பிளிக்கு வந்தபோது எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். 'குளிர்பதனப் பெட்டி' என்ற பட்டப்பெயருடைய வில்லியம் பெரி என்னும் மலை போன்ற மனிதர் பந்தோடு எல்லைக்கோட்டுக்குள் பாய்ந்தபோது அரங்கம் அதிர்ந்ததாம். அதே ஆண்டு பட்வைசர் என்னும் அமெரிக்க பீர் நிறுவனம் பிரிட்டிஷ் குழுக்களின் லீக் ஒன்றுக்குத் தன் பெயரையும் பணத்தையும் கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அப்போது இருந்தன. குழுவுக்குக் குழு சண்டை, சங்கத்துக்குச் சங்கம் பிளவு, போட்டி லீக்குகள். பணம் வந்த இடத்தில் வராதது எது?

பத்தே ஆண்டுகளில் எல்லாம் வடிந்தது. 1991-ல் சம்பளக்காரர்களைக் கொண்ட 'லண்டன் மோனார்க்ஸ்' குழு தோன்றி, அவ்வாண்டே வெம்பிளியில் அறுபதினாயிரம் பேருக்கு முன்னால் பார்சிலோனா குழுவை வென்று கோப்பை ஏந்தியது. 1998-க்குப்பின் அதுவும் இல்லை. அது ஆடிய லீக் 2007-ல் மூடப்பட்டது. லண்டன் ரேவன்ஸின் கொடியும் இறங்கிவிட்டது. பீர் நிறுவனம் போனது. தொலைக்காட்சியின் கண் வேறு பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பொருளாளரின் நினைவு வருகிறது. நான் சங்கிலி பிடித்த குழுவின் கணக்கை வைத்திருந்தவர் அவர். ஐம்பதைக் கடந்தவர்; மின்சார வேலை செய்பவர். நாம் 'தம்பி' என்று அழைப்பதைப்போல என்னைச் 'சன்' என்றே அழைப்பார். 1984-ல் தன் ஊரில் பதினெட்டுப் பேர் சேர்ந்து குழு தொடங்கியதாகவும், அவர்களுக்கு இருந்தவை மூன்றே ஹெல்மெட் என்றும் சொன்னார்.

"மூன்று ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு எப்படி ஆடினீர்கள்?" என்று கேட்டேன்.

"முறை வைத்து மோதிக்கொண்டோம், சன். ஹெல்மெட் இல்லாதவன் விதிப்புத்தகத்தைப் படிப்பான். இன்றைக்கு எனக்கு விதி நன்றாகத் தெரியும் என்றால், நான் அன்றைக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று பார்த்துக்கொள்" என்றார்.

அவருடைய கணக்குப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். பொருளாதார மாணவனுக்கு அது ஒரு விசித்திர ஏடு. வரவுப் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் கட்டும் சந்தாவே பிரதானம். ஆளுக்கு நூறு பவுண்டுக்கு மேல். தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதுதான் நாம் படித்த பாடம். இங்கே உழைக்கிறவனே பணமும் கட்டுகிறான். ஹெல்மெட்டும் தோள் கவசமும் அவனவன் செலவு. செலவுப் பக்கத்தில் ரக்பி கழகத்துக்கு மைதான வாடகை, நடுவர்களுக்குப் படி, வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து, கோடு போடச் சாயம், ஆம்புலன்ஸ் கட்டணம். மருத்துவ உதவி வந்து நிற்காமல் நடுவர் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார். ஒருமுறை ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகி, இரு குழுவும் கவசங்களோடு முக்கால் மணி நேரம் மழையில் நின்றதைக் கண்டேன். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அமெரிக்கப் பெருங்குழுக்களில் தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர், உதைப்பதற்கென்றே தனி ஆள் என்று ஐம்பது பேர் இருப்பார்கள். எங்கள் குழுவில் ('எங்கள்' என்று கை தானாகவே எழுதிவிட்டது, இருக்கட்டும்) ஞாயிறுதோறும் வந்தவர்கள் இருபத்தைந்தைத் தாண்டியதில்லை. தாக்கியவனே மூச்சு வாங்கத் தடுக்கவும் நிற்பான். ஒரு பள்ளி ஆசிரியர், இரண்டு லாரி ஓட்டுநர்கள், மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், படிப்பை விட்டுவிட்டு மாவரைக்கும் ஆலையில் இரவு வேலை செய்த ஒருவன். இவன் சனி இரவு வேலையை முடித்து, மைதானத்துக்கு வந்து, காலுறை மாட்டிக்கொண்டே உறங்கிவிடுவான். எழுப்பித்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும். பொருளாளரின் மனைவியார் சட்டைகளைத் துவைத்து மூட்டையாகக் கொண்டுவருவார். ஆட்டம் பார்க்காமல் காருக்குள் அமர்ந்து பின்னல் வேலை செய்வார். "முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை" என்பது அவருடைய கருத்து.

2010 ஏப்ரல். பருவம் தொடங்கும் தறுவாய். நாடு முழுதும் குழுக்களுக்கு ஆட்டங்களை நடத்திவந்த லீக் நிறுவனம் நொடித்து, நிர்வாகியின் பொறுப்புக்குப் போய்ச் செயலிழந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக நடைபெற்ற ஏற்பாடு ஒரே நாளில் நின்றது. ரக்பி கழகத்தின் பின்னறையில் குழுவினர் கூடினார்கள். சங்கிலிக்காரன் என்ற தகுதியில் நானும் ஒரு மூலையில் அமர்ந்தேன்.

சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் லாரி ஓட்டுநர்களில் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. நடக்காத லீக்குக்கு நூறு பவுண்டு கட்ட யாருக்கு மனம் வரும்? ஆசிரியர் இந்த ஆண்டு நிறுத்தி வைத்து அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். பொருளாளர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வருஷம் நிறுத்திய குழு மறுபடி எழுந்ததை நான் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னார். 1980-களில் தாம் எதிர்த்து ஆடிய குழுக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாத பெயர்கள். அறை அமைதியாகிவிட்டது. ஆலையில் வேலை செய்தவன்தான் கேட்டான், "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி உண்டா, இல்லையா?"

உண்டு என்று முடிவாயிற்று. ஓட்டுநருக்குச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கும் வந்து நின்றார். கட்டாமல் ஆடுகிறானே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிரிட்டனின் தேசியச் சங்கம் பொறுப்பேற்று, அந்தப் பருவ ஆட்டங்களைத் தானே நடத்திற்று. நாடு முழுதும் இதுபோலப் பல பின்னறைகளில் இதே கேள்வி எழுந்திருக்க வேண்டும், ஆட்டம் நிற்கவில்லை.

தொலைக்காட்சியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அது வித்துப் போடாவிட்டால் அந்தப் பொருளாளர் 1984-ல் ஹெல்மெட் தேடி அலைந்திருக்கவே மாட்டார். ஆயினும் பார்க்கிறவர்களின் கூட்டமும் ஆடுகிறவர்களின் கூட்டமும் வேறு வேறு என்பதை அந்த ஆண்டில் கண்டேன். 2007 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவும் மயாமி டால்ஃபின்ஸ் குழுவும் வெம்பிளியில் முறையான லீக் ஆட்டமே ஆடின. எண்பதினாயிரம் பேர் மீண்டும் திரண்டார்கள். அந்த எண்பதினாயிரத்தில் இருவர் வந்திருந்தாலும் எங்கள் மைதான ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்திருக்கும்!

இத்தகைய சந்தாக் குழுக்களிலிருந்து மேலே போனவர்களும் உண்டு. எஃபே ஒபாடா என்பவர் நைஜீரியாவில் பிறந்து, பத்து வயதில் லண்டன் தெருவில் கைவிடப்பட்டு, காப்பகங்களில் வளர்ந்தவர். கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே 'லண்டன் வாரியர்ஸ்' என்னும் குழுவில் சேர்ந்தார். அங்கே ஆடியது ஐந்தே ஆட்டம். 2015-ல் டல்லஸ் கௌபாய்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 2018-ல் கரோலினா பேந்தர்ஸ் குழுவுக்காகக் களமிறங்கி, சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்துக்காக அந்த வாரத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். 2022-ல் ஃபின்லாந்தில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் பிரிட்டன் அணி இறுதி ஆட்டம்வரை சென்று, அமெரிக்காவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. நம் கல்லூரி மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் அப்படி எவரும் கிளம்பவில்லை. 2010 பருவத்தில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஆகஸ்டில் நடந்த கடைசி ஆட்டத்தில் நான்காம் டவுனில் ஐயம் வந்து, சங்கிலியை மைதான நடுவே கொண்டுபோகச் சொன்னார் நடுவர். இழுத்து வைத்தோம். பந்தின் முனைக்கும் கழிக்கும் இடையே ஒரு சாண் குறைந்தது. பந்து எதிராளிக்குப் போயிற்று. ஆலைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "கொஞ்சம் இழுத்திருக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் தடுப்பு வரிசைக்கு ஓடினான்.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். அதற்குப்பின் நான்கைந்து ஆண்டுகள் பொருளாளரிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை வரும். பின்பக்கத்தில் அந்த ஆண்டின் வரவு செலவை இரண்டு வரியில் எழுதியிருப்பார். பிறகு ஆட்கள் குறைந்து, குழு பக்கத்து ஊர்க் குழுவோடு இணைந்துவிட்டதாக எழுதினார். சட்டைகளின் நிறத்தைப் பற்றி இரு தரப்பும் மூன்று கூட்டம் போட்டுச் சண்டையிட்டார்களாம். ஹெல்மெட்டுகளைப் பழுது பார்த்துப் புதியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இரு குழுவுக்கும் தனித்தனியே சங்கிலி இருந்ததால் ஒன்று மிஞ்சிவிட்டது. அதைக் கவ்வியோடு சேர்த்து, புதிதாகத் தொடங்கிய ஒரு மாணவர் குழுவுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.